‘ரன்’ எங்கெல்லாம் ஓடுகிறது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு மொழி குறித்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ‘ரன்’ என்னும் ஒரே ஆங்கில வினைச்சொல்லைச் சுற்றியே அமைந்திருந்தன. எனவே வேறு கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை பக்கம் முழுவதையும் அந்தச் சொல்லுக்கே தருகிறேன். ஆங்கிலச் சொற்களை அவற்றின் ஒலிப்புக்கேற்பத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் தடையின்றிப் புரியும்.

கேள்வி: ஐயா, ‘ரன்’ என்றால் ஓடு என்றுதான் சிறு வயதில் படித்தேன். பெரிய அகராதி ஒன்றைத் திறந்து பார்த்தால், அச்சொல்லுக்குப் பொருள்கள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. இத்தனையையும் மனப்பாடம் செய்ய ஏதேனும் வழி உண்டா? (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்)

பதில்: மனப்பாடம் செய்ய முயல வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வெளிவந்தபோது அதில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்னும் வினைக்கு உரியதாக இருந்தது. 430 பொருள்களை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் தேவைப்பட்டன. பின்னர் அகராதியைத் திருத்தி விரிவாக்கும் பணி தொடர்ந்தபோது ‘மேக்’, ‘புட்’ ஆகியவை அதனை முந்தின. 2011இல் ‘ரன்’ அவற்றையும் தாண்டியது. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் வகுக்கப்பட்டிருந்தன. அந்த ஒரு சொல்லைத் தொகுத்து முடிக்க அகராதியாசிரியர் ஒருவருக்கு ஒன்பது மாதங்கள் ஆயின.

இந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நுண்ணிய வேறுபாடு ஒவ்வொன்றையும் தனி எண்ணிட்டுப் பிரிப்பது அகராதியாசிரியரின் கடமை. மனிதன் ஓடுவதும் குதிரை ஓடுவதும் கப்பல் காற்றின் போக்கில் ஓடுவதும் அவருக்கு வெவ்வேறு பொருள்கள். படிப்பவருக்கோ அவை ஒரே பொருளின் நிழல்கள். அந்த நிழல்களை விலக்கிவிட்டுப் பார்த்தால் நிலைத்து நிற்பவை மிகச் சிலவே: ஒன்று தன் இடத்தை விட்டு விரைந்து பெயர்கிறது, அல்லது நீர்போல் ஒழுகுகிறது, அல்லது பொறிபோல் தடையின்றி இயங்குகிறது, அல்லது ஒரு கோடுபோல் இடத்திலோ காலத்திலோ நீள்கிறது. ‘த ரோட் ரன்ஸ் அலாங் த ரிவர்’ என்னும்போது சாலை எங்கும் ஓடுவதில்லை. அதன் மீது நம் கண் ஓடுகிறது, அவ்வளவே. ‘த கான்ட்ராக்ட் ரன்ஸ் டில் மார்ச்’ என்னும்போது அதே நீட்சி இடத்திலிருந்து காலத்துக்கு மாறியிருக்கிறது.

ஒரு வாக்கியத்தில் இவற்றுள் எந்தப் பொருள் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வழியை நம் மொழியின் பழைய இலக்கணமே சொல்லியிருக்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல், அதனோடு சேர்ந்து வரும் ‘வினையினும் இனத்தினும் சார்பினும்’ தன் பொருளைத் தெளிவாகக் காட்டும் என்கிறது தொல்காப்பியம். உரைகாரர்கள் இதற்கு ‘மா’ என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவார்கள். ‘மா பூத்தது’ என்றால் பூத்தல் என்னும் வினையே அது மரம் என்று சொல்லிவிடுகிறது. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் அருகில் நிற்கும் மருத மரம் இனத்தால் பொருளைக் காட்டுகிறது. போருக்குக் கவசம் அணிந்து நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால் அவன் நிற்கும் சூழலே குதிரையைக் குறித்துவிடுகிறது.

தொல்காப்பியம் அங்கே பேசுவது பெயர்ச்சொல்லைப் பற்றி. அதன் பொருளை வினை காட்டித் தருகிறது. ‘ரன்’ விஷயத்தில் இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: வினையின் பொருளைப் பெயர் காட்டித் தரும். எழுவாய் மூக்காக இருந்தால் ஒழுகுதல். எந்திரமாக இருந்தால் இயங்குதல். நாடகமாக இருந்தால் பல நாள் தொடர்ந்து நடைபெறுதல். செயப்படுபொருள் பள்ளியாக இருந்தால் நடத்துதல். கணினி நிரலாக இருந்தால் இயக்குதல். எழுவாய் பத்திரிகையாகவும் செயப்படுபொருள் கட்டுரையாகவும் இருந்தால் வெளியிடுதல். ஆகவே ‘ரன்’ என்பதை ஒருபோதும் தனியாக எழுதிப் படிக்காதீர்கள். யார் ஓடுகிறார், எது ஓடுகிறது, எதை ஓட்டுகிறார் என்று அதன் துணைச் சொல்லோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இருபது வாக்கியங்கள் சேர்ந்த பிறகு, இருபத்தொன்றாவது வாக்கியத்தை அகராதி இல்லாமலே நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

கேள்வி: ‘ஐ ரன்’ என்றால் நான் ஓடுகிறேன். ‘ஐ ரன் எ மெஷின்’ என்றால் நான் எந்திரத்தை ஓட்டுகிறேன். ஓடுவதும் ஓட்டுவதும் தமிழில் இரண்டு சொற்களாக இருக்க, ஆங்கிலம் ஏன் ஒன்றையே வைத்துக்கொண்டு குழப்புகிறது? (பள்ளி ஆசிரியை)

பதில்: மிக நல்ல கேள்வி. இதற்கு விடை தேடிப் போனால் ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே இரண்டு சொற்களை வைத்திருந்தது என்பது தெரியவருகிறது.

தமிழில் தன்வினையையும் பிறவினையையும் வேறுபடுத்த வினையின் வடிவமே மாறுகிறது. ஓடு – ஓட்டு, ஆடு – ஆட்டு, உருள் – உருட்டு, திரும்பு – திருப்பு, அடங்கு – அடக்கு, நட – நடத்து என்று இந்த இணைகள் எண்ணற்றவை. குழந்தைகூட ‘வண்டி ஓடுது, அப்பா ஓட்டுறாரு’ என்று பிழையின்றிச் சொல்லும். பழைய ஆங்கிலத்திலும் இத்தகைய இணைகள் இருந்தன. தானாக ஓடுவதையும் ஒழுகுவதையும் குறிக்க ‘ரின்னன்’ அல்லது ‘இர்னன்’ என்றொரு வினை இருந்தது. ஓடச் செய்தல் என்னும் கருத்திலிருந்து பிறந்த ‘ஆர்னன்’ என்னும் வேறொரு வினையும் இருந்தது. குதிரையேறி விரைதல் போன்ற பொருள்களில் அது வழங்கியது. ‘ரின்னன்’ என்பது ‘இர்னன்’ என்றும் ஒலித்ததை வியப்பாகக் கொள்ள வேண்டாம். ‘தசை’ நம் வாயில் ‘சதை’ ஆனதும் ‘விசிறி’ செய்யுளில் ‘சிவிறி’ ஆனதும் இதே எழுத்திட மாற்றம்தான். காலப்போக்கில், வடக்கிலிருந்து வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியரின் உறவுச் சொற்களும் கலந்துகொள்ள, இவை இரண்டும் ஒலியில் நெருங்கி ஒரே சொல்லாக இணைந்துவிட்டன. அதனால்தான் இன்றைய ‘ரன்’ ஓடுவதையும் ஓட்டுவதையும் ஒருசேரச் சுமக்கிறது.

உறவு மொழியான ஜெர்மனில் இந்த இணை இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே ‘ரின்னென்’ என்றால் நீர் ஒழுகுதல், வடிதல். ‘ரென்னென்’ என்றால் கால்களால் ஓடுதல். ஆங்கிலத்திலும் இந்தப் பழைய முறை முற்றிலும் அழிந்துபோகவில்லை. ‘சிட்’ என்றால் அமர்தல், ‘செட்’ என்றால் அமர்த்துதல். ‘ரைஸ்’ என்றால் எழுதல், ‘ரெய்ஸ்’ என்றால் எழுப்புதல். ‘லை’ என்றால் கிடத்தல், ‘லே’ என்றால் கிடத்துதல். ‘ஃபால்’ என்றால் விழுதல், ‘ஃபெல்’ என்றால் மரத்தை வீழ்த்துதல். இவற்றை உங்கள் மாணவர்களுக்குத் தன்வினை, பிறவினை என்றே அறிமுகப்படுத்துங்கள். ‘லை’, ‘லே’ ஆகிய இரண்டிலும் ஆங்கிலேயரே அடிக்கடித் தடுமாறுவார்கள். கிட – கிடத்து என்னும் இணை நாவில் ஊறிய தமிழ்க் குழந்தை தடுமாறக் காரணமே இல்லை. தாய்மொழி இலக்கணம் அயல்மொழிக்கு ஏணியாக நிற்கும் இடம் இது. நம் வகுப்பறைகளில் அந்த ஏணியை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்னும் வருத்தம் எனக்கு உண்டு.

இங்கே இன்னொன்றும் விளங்குகிறது. நீர் ஒழுகுதல் என்னும் பொருள் ‘ரன்’ என்ற சொல்லுக்குப் பின்னாளில் ஏறிய அணியன்று. ஓடுதலைப் போலவே அதுவும் தொன்மையானது. தமிழிலும் இதே நிலைதான். ஓடு என்னும் வினையிலிருந்தே ஓடை பிறந்தது. நீரோட்டம், இரத்த ஓட்டம், மின்னோட்டம், எண்ண ஓட்டம் என்று அது கிளைத்துக்கொண்டே போகிறது. மின்னோட்டத்தைக் குறிக்கும் ‘கரண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இலத்தீனில் ஓடுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததே. ஓடும் நீரைப் பார்த்த மனிதர்கள், தொடர்பே இல்லாத மொழிகளிலும் ஒரே விதமாகச் சிந்தித்திருக்கிறார்கள் என்பது எனக்கு என்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

கேள்வி: அலுவலகத்தில் ‘ரன்னிங் பஸ்ஸில் ஏறாதே’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மேலாளர் ‘ரன்னிங்’ என்பதை அடித்துவிட்டு ‘மூவிங்’ என்று திருத்தினார். பேருந்து ஓடத்தானே செய்கிறது? (அலுவலகப் பணியாளர்)

பதில்: மேலாளரின் திருத்தம் சரியானது. தமிழில் ‘ஓடும் பேருந்து’ என்றால் நகர்ந்துகொண்டிருக்கும் பேருந்து. ஆங்கிலத்தில் ‘த கார் இஸ் ரன்னிங்’ என்று சொன்னால் பெரும்பாலும் அதன் எஞ்சின் இயங்குகிறது என்றே பொருள். வண்டி வாசலில் அசையாமல் நின்றுகொண்டிருக்கலாம். ‘டோன்ட் லீவ் த எஞ்சின் ரன்னிங்’ என்பது நிற்கும் வண்டியில் எஞ்சினை அணைக்காமல் விட்டுச் செல்லாதே என்னும் அறிவுரை. சக்கரம் உருள்வதைச் சொல்ல வேண்டுமானால் ‘மூவிங்’ என்பதே பொருத்தம். ஆனால் பேருந்துச் சேவையைப் பற்றிப் பேசும்போது ‘ரன்’ முறையாக வந்துவிடுகிறது: ‘பஸ்ஸஸ் ரன் எவ்ரி டென் மினிட்ஸ்’ என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து வருகிறது. ‘த ட்ரெய்ன் இஸ் ரன்னிங் லேட்’ என்றால் ரயில் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. இவை இரண்டும் பிழையற்ற வாக்கியங்கள்.

தமிழின் ஓட்டத்தை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கும்போது இடறும் இடங்கள் இன்னும் சில உண்டு. வயதைச் சொல்லும்போது நாம் ‘அவனுக்கு இருபத்தைந்து நடக்கிறது’ என்கிறோம். அதை ‘ஹீ இஸ் ரன்னிங் ட்வென்டி-ஃபைவ்’ என்று எழுதுவது பொது ஆங்கிலத்தில் விளங்காது. ‘ஹீ இஸ் நியர்லி ட்வென்டி-ஃபைவ்’ என்று எழுதலாம். கவலையில் இருக்கும்போது நாம் ‘வேலையே ஓடவில்லை’ என்கிறோம்; இதை எந்த வகையிலும் ‘ரன்’ கொண்டு சொல்ல முடியாது. ‘காலம் ஓடுகிறது’ என்பதைச் சொல்ல ‘டைம் இஸ் ரன்னிங்’ என்று நிறுத்தினால் வாக்கியம் குறையாக நிற்கும். விரைவைச் சொல்ல ‘டைம் ஃப்ளைஸ்’, நேரம் தீர்ந்துவருவதைச் சொல்ல ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’.

இதற்கு மாறாக இரண்டு மொழிகளும் கைகோத்து நடக்கும் இடங்களும் உண்டு. ஒரு நாடகமோ திரைப்படமோ நூறு நாள் ஓடியது என்று நாம் சொல்வதை ஆங்கிலமும் ‘இட் ரேன் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ்’ என்றே சொல்கிறது. கடிகாரம் ஐந்து நிமிடம் வேகமாக ஓடுகிறது என்பதும் அங்கே ‘ரன்ஸ் ஃபாஸ்ட்’ தான். துணியின் சாயம் நீரில் கரைந்து பரவுவதற்கும் ‘ரன்’ உண்டு. நாம் ‘சாயம் போகிறது’ என்கிறோம்.

கேள்வி: ‘ரன் அவுட்’ என்பதற்கும் ‘ரன் அவுட் ஆஃப்’ என்பதற்கும் என்ன வேறுபாடு? இதுபோல ‘ரன்’ உடன் வேறு சிறு சொற்கள் சேரும்போது பொருள் முற்றிலும் மாறிவிடுகிறதே! (கல்லூரி மாணவி)

பதில்: தீர்ந்துபோகும் பொருளை எழுவாயாக்கினால் ‘ரன் அவுட்’, அப்பொருள் இல்லாமல் தவிக்கும் ஆளை எழுவாயாக்கினால் ‘ரன் அவுட் ஆஃப்’. ‘த இங்க் ஹேஸ் ரன் அவுட்’ என்றால் மை தீர்ந்துவிட்டது. ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் இங்க்’ என்றால் எங்களிடம் மை தீர்ந்துவிட்டது. நாம் இரண்டு இடத்திலும் மையையே எழுவாயாக வைத்து, ஆளை ‘எங்களிடம்’ என்று ஓரமாக நிறுத்துகிறோம். ஆங்கிலமோ ஆளை முன்னே கொண்டுவந்துவிடுகிறது. ‘வி ஹேவ் ரன் அவுட் இங்க்’ என்று ‘ஆஃப்’ இல்லாமல் எழுதுவதே நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் பிழை. கிரிக்கெட்டில் வரும் ‘ரன் அவுட்’ வேறு. அங்கே ‘அவுட்’ என்பது ஆட்டமிழத்தலைக் குறிக்கிறது.

மற்றச் சேர்க்கைகளில் பொருள் முற்றிலும் மாறுவதாகத் தோன்றினாலும், பல இடங்களில் பழைய ஓட்டத்தின் தடம் அடியில் தெரியும். ‘ரன் இன்டு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிப்போய் ஒன்றில் முட்டுவது அதன் அடிப்படை. கார் சுவரில் மோதினாலும் ‘ரன் இன்டு’, பழைய நண்பரை எதிர்பாராமல் சந்தித்தாலும் ‘ரன் இன்டு’, ஒரு வேலையில் திடீரென்று சிக்கல் குறுக்கிட்டாலும் ‘ரன் இன்டு’. மூன்றிலும் எதிர்பாராமை இருக்கிறது. திட்டமிட்டு நண்பரைச் சந்திக்கச் சென்றவர் ‘ஐ ரேன் இன்டு ஹிம்’ என்று எழுதக் கூடாது.

‘ரன் ஓவர்’ என்பதில் கவனம் தேவை. ஒரு வாகனம் ஆள்மீது ஏறிச் செல்வதும் அதுவே. பாத்திரம் நிரம்பி வழிவதும் அதுவே. கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி நீள்வதும் அதுவே. குறிப்புகளை ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பதும் அதுவே. தமிழின் ‘மேலோட்டம்’ என்னும் சொல் இந்தக் கடைசிப் பொருளுக்கு எவ்வளவு நெருக்கமாக வந்து நிற்கிறது பாருங்கள்: ‘மேல்’ அங்கே ‘ஓவர்’, ‘ஓட்டம்’ அங்கே ‘ரன்’. யாரும் யாரிடமும் கடன் வாங்காமலே இது நேர்ந்திருக்கிறது.

‘ரன் டவுன்’ என்பதும் பல முகம் கொண்டது. மின்கலத்தின் ஆற்றல் குறைவது, ஒருவரை இழித்துப் பேசுவது, பராமரிப்பின்றிச் சிதைந்த கட்டடத்தின் நிலை, நோயினால் தளர்ந்த உடலின் நிலை ஆகிய யாவும் அதில் அடங்கும். கீழ்நோக்கிய போக்கு என்னும் கருத்து இவை அனைத்தையும் கட்டி வைத்திருக்கிறது. ‘ரன் அப்’ என்றால் மேல்நோக்கிய போக்கு. கொடியை விரைந்து ஏற்றுவதும், கடனை ஏற்றிக்கொண்டே போவதும் அது. ‘ஏற்று’ என்னும் வினை தமிழிலும் கொடிக்கும் கடனுக்கும் பொருந்துவது நினைவில் வைக்க உதவும். ‘ரன் த்ரூ’ என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தல். ஒத்திகைக்கு இச்சொல் வரும். ‘ரன் அவே’ தப்பி ஓடுதல்; ‘ரன் ஆஃப்டர்’ துரத்துதல். இவை இரண்டும் எளியவை.

கேள்வி: ‘ரன் ட்ரை’, ‘ரன் ஷார்ட்’ என்பவற்றில் ‘ரன்’ எதைக் குறிக்கிறது? ‘ரன் ஹேப்பி’ என்று நாமாக எழுதலாமா? (அதே மாணவி)

பதில்: எழுதக் கூடாது. இந்த இடங்களில் ‘ரன்’ என்பது ‘ஆகு’ என்னும் துணைப்பொருளைத் தருகிறது. ‘த வெல் ரேன் ட்ரை’ என்றால் கிணறு வற்றிப்போயிற்று; ‘சப்ளைஸ் ஆர் ரன்னிங் லோ’ என்றால் இருப்பு குறைந்துவருகிறது. ஆனால் இது எல்லாப் பண்புச் சொற்களையும் ஏற்காது. ட்ரை, ஷார்ட், லோ, லேட், வைல்டு, ஹை, டீப், கோல்டு எனச் சிலவற்றையே ஏற்கும். ‘ஃபீலிங்ஸ் ரேன் ஹை’ என்றால் உணர்ச்சிகள் கொந்தளித்தன என்பது பொருள். தமிழிலும் ‘போ’ என்னும் துணைவினை ‘வற்றிப்போ’, ‘தீர்ந்துபோ’, ‘கெட்டுப்போ’ என்று பெரும்பாலும் இழப்பின் பக்கமே சாய்ந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ‘ரன்’ அதே சாய்வை ஓரளவு கொண்டிருக்கிறது.

கேள்வி: தேர்தலில் போட்டியிடுவதற்குச் சிலர் ‘ரன்’ என்றும் சிலர் ‘ஸ்டாண்ட்’ என்றும் எழுதுகிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி. அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ரன் ஃபார்’, பிரித்தானிய ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்ட் ஃபார்’. அமெரிக்கர் தேர்தலில் ஓடுகிறார்கள், பிரித்தானியர் நிற்கிறார்கள். தமிழர்களாகிய நாமும் ‘தேர்தலில் நிற்கிறார்’ என்றே சொல்கிறோம்.

கேள்வி: ‘ஐ ஹேவ் ரேன்’ என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைக்கப்பட்டது. ஏன்?

பதில்: மூன்று வடிவங்கள் ‘ரன், ரேன், ரன்’ என்று அமையும். இறந்தகாலத்துக்கு ‘ரேன்’, ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ ஆகியவற்றின் பின் மீண்டும் ‘ரன்’. ‘கம், கேம், கம்’ என்பதும் இதே போக்கு. இரண்டையும் இணைத்து நினைவில் வையுங்கள்.

கேள்வி: தமிழில் ஓடு என்றால் கூரையில் வேயும் ஓடும் உண்டு, ஆமையின் ஓடும் உண்டு, ‘என்னோடு’ என்பதில் வரும் ஓடும் உண்டு. அப்படியானால் ‘ரன்’ என்ற சொல்லுக்கு நாம் எவ்விதத்தில் குறைந்தவர்கள்? (தமிழார்வலர்)

பதில்: உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இங்கே இரண்டு வெவ்வேறு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூரை ஓட்டுக்கும் ஓடுதலுக்கும் பொருளில் எந்த உறவும் இல்லை. அவை ஒரே உருவத்தில் அமைந்த வெவ்வேறு சொற்கள். நல்ல அகராதி அவற்றைத் தனித்தனித் தலைப்பில் தரும். ‘என்னோடு’ என்பதில் வருவது வேற்றுமை உருபு. அதற்கும் ஓடுதலுக்கும் தொடர்பில்லை. ஆங்கிலத்தில் ‘பேங்க்’ என்னும் சொல் வங்கியையும் ஆற்றங்கரையையும் குறிப்பது இப்படிப்பட்டதே. ‘ரன்’ அவ்வாறன்று. அதன் நூற்றுக்கணக்கான பொருள்களும் ஒரு குடும்பத்து உறுப்பினர்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி தெரியும்.

தமிழின் வளத்தைக் காட்ட வேண்டுமானால் கூரை ஓட்டை விட்டுவிட்டு ஓடுதலையே எடுத்துக்கொள்ளுங்கள், அதுவே போதும். படம் ஓடுகிறது, வண்டி ஓடுகிறது, நாள் ஓடுகிறது, நினைவு ஓடுகிறது, குடும்பம் எப்படியோ ஓடுகிறது. ஒன்றைப் புழக்கத்துக்கு விடும்முன் சோதித்துப் பார்ப்பதற்கு ஆங்கிலம் ‘ட்ரையல் ரன்’ என்று இரு சொற்களைக் கூட்டுகிறது. நம்மிடம் ‘வெள்ளோட்டம்’ என்று ஒரே சொல் இருக்கிறது. ‘கண்ணோட்டம்’ இன்று பார்வைக்கோணத்தைக் குறிக்கிறது. திருக்குறளில் 58ஆம் அதிகாரத்தின் தலைப்பான அதே சொல், பிறர்மீது கண் ஓடுவதால் உண்டாகும் இரக்கத்தைக் குறிக்கிறது. கண் ஓடினால் இரக்கம் பிறக்கும் என்று கண்ட மொழியில் எழுதுகிறோம் என்பது எனக்குப் பெருமிதம் தருகிறது. ‘ரன்’ என்ற சொல்லின் நீண்ட பட்டியலில் இப்படியொரு பொருளை நான் கண்டதில்லை.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர். ‘இன் த லாங் ரன்’ என்பதை ‘நீண்ட ஓட்டத்தில்’ என்று எழுதினேன். ஆசிரியர் குழு ஏற்கவில்லை. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: ஆசிரியர் குழுவின் பக்கமே நானும் நிற்கிறேன். ‘நீண்ட ஓட்டத்தில்’ என்று படிக்கும் வாசகர் மனத்தில் மைதானம் தோன்றுமே தவிர, காலம் தோன்றாது. ‘காலப்போக்கில்’ என்னும் சொல் நம்மிடம் இருக்கிறது. இடத்துக்கேற்ப ‘இறுதியில்’, ‘நாளடைவில்’ என்றும் எழுதலாம். ‘போக்கு’ என்பதும் நகர்வைக் குறிக்கும் சொல்லே என்பதால், மூலத்தின் உயிர் அதில் தங்கியிருக்கிறது.

‘ரன்’ வரும் வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது முதலில் ஓடு, ஓட்டு ஆகிய இரண்டையும் பொருத்திப் பார்ப்பது இயல்பு. அவை இயைந்தால் நல்லது. இயையாவிட்டால் தயங்காமல் கைவிட வேண்டும். ‘ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்’ என்பதற்கு நடத்துகிறார். ‘ஷீ இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்பதற்குக் காய்ச்சல் அடிக்கிறது. ‘இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி’ என்பதற்குப் பரம்பரையாக வருகிறது. ‘யூ ரன் த ரிஸ்க்’ என்பதற்கு ஆபத்துக்கு இடமளிக்கிறீர்கள். நடத்துதல், அடித்தல், வருதல், இடமளித்தல் என நான்கு வாக்கியங்களுக்கு நான்கு தமிழ் வினைகள் வந்துவிட்டன. ஆங்கிலம் ஒரு சொல்லை நீட்டிக்கொண்டே போன இடத்தில் தமிழ் வெவ்வேறு சொற்களைப் பங்கிட்டு வைத்திருக்கிறது. மூலத்தில் ஒரே சொல் வருகிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லை இழுத்துப் பிடிக்க வேண்டிய கட்டாயம் மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை.

ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘ஃபார் த்ரீ டேஸ் ரன்னிங்’ என்னும் தொடரில் யாரும் ஓடவில்லை. கால அளவைச் சொல்லும் தொடரின் பின்னால் வரும் ‘ரன்னிங்’ அங்கே ‘இடைவிடாமல் தொடர்ந்து’ என்று பொருள்படும். ‘இட் ரெய்ண்டு ஃபார் த்ரீ டேஸ் ரன்னிங்’ என்பதை ‘மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தது’ என்று எழுதுங்கள். ‘ரன்னிங்’ முன்னால் வந்து ‘ரன்னிங் வாட்டர்’ என்றாகும்போது அது ஓடும் நீர். வீட்டு வசதிகளைப் பற்றிய பேச்சானால் குழாய் நீர். மூன்றாவது கேள்வியில் கண்ட ‘ரன்னிங்’ எஞ்சின் இயக்கத்தைக் குறித்தது. ஆகவே ‘ரன்னிங்’ என்பதைக் கண்டவுடன் அது எதற்கு முன்னால் நிற்கிறது, எதற்குப் பின்னால் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.